பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகமா? கொழும்பில் எங்கே போவது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு செலவாகும்

பிரசவ ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுத்துவிட்டு "திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும்" என்று துண்டு எழுதித் தந்திருந்தால், அல்லது வீட்டிலேயே உங்களுக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். என் மகளுக்காக நானும் மனைவியும் இந்த வழியில் அலைந்திருக்கிறோம். கொழும்பில் வைத்தியர்கள் இருக்கிறார்கள், மெஷின்கள் இருக்கின்றன, அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரும்பகுதி இலவசம். ஆனால் ஓரிடத்தில் நடந்தது அடுத்த இடத்துக்குத் தெரிவதில்லை. காது வைத்தியர் சொன்னது மிட்வைஃபுக்குத் தெரியாது. காது கேட்கும் கருவி பொருத்தியவர் என்ன செய்தார் என்பது ஸ்பீச் தெரபிஸ்டுக்குத் தெரியாது. இவர்களைத் தொடுத்துவிடுகிற வேலை பெற்றோர் தலையில்தான் விழுகிறது. அதையும் பல இடங்களில் தமிழில் பேச ஆளில்லாமல் செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்கை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1, 3, 6. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா இல்லையா என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். உலகம் முழுவதும் இந்தத் துறையில் இருப்பவர்கள் வைத்திருக்கும் இலக்கு இது. உங்கள் பிள்ளை இந்த வயதுகளைத் தாண்டிவிட்டது என்றால் மனம் உடையாதீர்கள், இன்றைக்கே தொடங்குங்கள். ஆனால் "ஒரு வயது ஆகட்டும் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

1. கைதட்டிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

வீட்டில் எல்லோரும் செய்வது இதுதான். பிள்ளைக்குப் பின்னால் நின்று கைதட்டுவது, கதவை அடித்துச் சாத்துவது, சட்டியில் கரண்டியால் தட்டுவது. பிள்ளை திடுக்கிட்டால் "பார், கேட்கிறது" என்று நிம்மதியாகிவிடுகிறோம். கதவு அடிபடும்போது தரை அதிர்கிறது, காற்று வந்து படுகிறது, நிழல் அசைகிறது. பிள்ளை அதற்குத் திரும்பியிருக்கலாம். கேட்டுத்தான் திரும்பியது என்றாலும், பெரிய சத்தம் கேட்கிற பிள்ளைக்குப் பேச்சுச் சத்தம் கேட்காமல் இருக்கலாம். "ஸ்", "ஷ்" போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் விழாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இன்னொன்று: காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் "ஊ", "ஆ" என்று சத்தம் போடும், சிரிக்கும். அதை வைத்து முடிவெடுக்க ஏலாது. ஆறு, ஏழு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். ஒன்பது, பத்து மாதமளவில் "பபபா", "மமமா" என்று அடுக்கிச் சொல்ல வேண்டும். ஒரு வயதளவில் பெயரைக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் பரிசோதனைக்குப் போங்கள். "அவன்ட அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்" என்று பாட்டி சொல்வது அன்பால்தான். ஆனாலும் அந்தப் பேச்சில் மாதங்கள் போய்விடும்.

சந்தேகம் இல்லாவிட்டாலும் கட்டாயம் பார்க்க வேண்டிய பிள்ளைகள் உண்டு: குறை மாதத்தில் பிறந்து விசேட சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், மஞ்சள் காமாலை கூடி இரத்தம் மாற்றப்பட்டவர்கள், ஜென்டமைசின் போன்ற மருந்துகள் நாள்கணக்கில் ஏற்றப்பட்டவர்கள், மூளைக்காய்ச்சல் வந்தவர்கள், காது அமைப்பில் மாற்றத்தோடு பிறந்தவர்கள், குடும்பத்தில் சிறு வயதிலேயே காது கேளாதவர் இருப்பவர்கள், சொந்தத்துக்குள் கல்யாணம் கட்டிய பெற்றோரின் பிள்ளைகள். இவை எதுவும் இல்லாத வீட்டிலும் நடக்கும். காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நன்றாகக் காது கேட்கிற பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். யார் குற்றம் என்று வீட்டில் தேடுவதை நிறுத்திவிடுங்கள். அந்த நேரமும் பிள்ளைக்குத்தான் வேண்டும்.

2. முதல் நாளே ஒரு ஃபைல் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பிளாஸ்டிக் உறை வைத்த ஃபைல் ஒன்று வாங்குங்கள். இவை உள்ளே இருக்கட்டும்:

பிறப்புச் சான்றிதழின் கொப்பிகள், பெற்றோர் இருவரின் அடையாள அட்டைக் கொப்பிகள், பிரசவ ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட், பிள்ளை பிறந்ததும் தரும் சுகாதாரப் பதிவேடு (நாம் கிளினிக் கொப்பி என்கிறோமே, அது), கடிதங்கள், ஒவ்வொரு காது டெஸ்டின் அச்சுப் பிரதி. எதையும் ஒரிஜினலாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கேட்டால் ஃபோட்டோ கொப்பி எடுத்துக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஃபோனிலும் படம் பிடித்து வையுங்கள்.

டெஸ்ட் எடுத்த இடத்தில் "சரியில்லை, திரும்ப வாங்கோ" என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள். மெஷின் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். ஏ.பி.ஆர். (காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைப் பார்க்கும் டெஸ்ட்) என்றால் அலை அலையாகக் கோடு போட்ட பக்கங்கள் இருக்கும், அவையும் வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை, எந்தத் திகதியில் என்ன டெஸ்ட், என்ன முடிவு, அடுத்த திகதி. கூடுமானால் ஒரு பக்கம் தமிழில், மறு பக்கம் ஆங்கிலத்தில். புது வைத்தியர் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே பாதி விசயம் விளங்கிவிடும். வரிசையில் நின்று உள்ளே போனால் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அதைப் பழைய கதை சொல்லித் தீர்க்கக் கூடாது.

3. எந்தக் கதவைத் தட்டுவது

பிறந்த ஆஸ்பத்திரியில் ஓ.ஏ.ஈ. என்ற உள்காது டெஸ்ட் எடுத்தார்களா என்று டயக்னோசிஸ் கார்டில் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேளுங்கள். எம்.ஓ.எச். (பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லி, காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். கொழும்பில் சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அனுப்புவது பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு. கொட்டாஞ்சேனைப் பக்கம் இருப்பவர்களுக்கு 176 பஸ் பொரளை வழியாகப் போகும். தெகிவளை, வெள்ளவத்தைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ஸ்பீச் தெரபிஸ்டுகளையும் காது கேட்டலைப் பரிசோதிக்கும் ஓடியோலஜிஸ்டுகளையும் பயிற்றுவிக்கிறது. அங்கேயே அயாதி என்ற சிறுவர் நிலையமும் இருக்கிறது, பல துறையினர் ஒரே கூரையின் கீழ் பிள்ளையைப் பார்ப்பார்கள். கோட்டை, மருதானையிலிருந்து ரயிலில் ராகமைக்குப் போய்விடலாம். பெற்றோர் ஒவ்வொரு இடமாக ஓடுவதைக் குறைப்பதற்கு இப்படியான ஏற்பாடுதான் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும் என்பது என் எண்ணம்.

கிளினிக் நாள் எது என்பதைக் கடிதம் தருபவரிடமே கேளுங்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒவ்வொரு நாள். தவறான நாளில் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். நம்பர் வாங்கக் காலையிலேயே போக வேண்டும். பிள்ளைக்குப் பால், மாற்றுத் துணி, உங்களுக்குச் சாப்பாடு எல்லாம் கையில் இருக்கட்டும். அன்றைக்கு முழு நாள் லீவு போடுங்கள்.

தனியாரில் காசு கட்டிச் சேனல் பண்ணிக் காட்டுவதா? விரைவாக வைத்தியரைப் பார்க்க அது உதவும். ஆனால் தனியாரில் தொடங்கி எல்லாவற்றையும் அங்கேயே செய்து முடிக்கப் பார்த்தால் காசு தாங்காது, இது வருடக்கணக்கான பயணம். எங்களுக்கு உதவிய வழி: அரசாங்கக் கிளினிக்கில் நம்பர் எடுத்து ஃபைலைத் திறந்து வைப்பது, அங்கே ஏ.பி.ஆர். திகதி பிந்தினால் அந்த ஒரு டெஸ்டை மட்டும் வெளியில் எடுத்து, தாளோடு அதே கிளினிக்குக்குத் திரும்புவது. வெளியில் எடுக்கும் முன் கிளினிக் வைத்தியரிடமே எந்த டெஸ்ட், எப்படி வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை காசு போகும்.

பிறந்து மூன்று வாரத்துக்குள் இருக்கும் குழந்தையின் காது டெஸ்ட் சரியில்லை என்றால், காதுக் குறைக்குக் காரணமாகக்கூடிய சி.எம்.வி. என்ற கிருமிக்குச் சிறுநீரோ உமிழ்நீரோ பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். தாயின் வயிற்றிலேயே தொற்றியதா என்பதை 21 நாளுக்குள் எடுத்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். அதற்குப் பிறகு எடுத்தால் பிறந்த பின் தொற்றியதாகவும் இருக்கலாம். இந்தக் காலக்கெடு தப்பினால் திரும்பக் கிடைக்காது.

4. டெஸ்ட் நாள்

ஓ.ஏ.ஈ. சில நிமிட வேலை. காதில் மெல்லிய முனை ஒன்றை வைப்பார்கள், உள்காது திருப்பி அனுப்பும் ஒலியை மெஷின் பிடிக்கும். பிறந்து ஓரிரு நாளில் காதுக்குள் ஈரமும் வெண்பசையும் இருந்தால் சரியாக வராது, அது சகஜம். பொறி எங்கே என்றால், "தண்ணி இருக்கும், காய்ந்தால் சரியாகும்" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பலர் திரும்பப் போவதே இல்லை. காய்ந்த பிறகு திரும்ப எடுத்தால்தான் சரியானதா என்று தெரியும். திகதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

விசேட சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைக்கு ஓ.ஏ.ஈ. மட்டும் போதாது. உள்காது நன்றாக இருந்து நரம்பில் மட்டும் குறை இருந்தால் ஓ.ஏ.ஈ. "பாஸ்" என்றே காட்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஏ.பி.ஆர். வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஏ.பி.ஆர். பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு டெஸ்டில்தான் நிறையப் பேர் வந்த வழியே திரும்புகிறார்கள். பிள்ளை நன்றாகத் தூங்க வேண்டும். நெற்றியையும் இரண்டு காதுக்குப் பின்னாலும் மணல் போல உரசும் ஒரு ஜெல்லைப் பஞ்சில் எடுத்துத் தேய்த்துத் துடைப்பார்கள். பிறகு அந்த இடங்களில் சிறிய ஒட்டிகளை ஒட்டி வயரை மாட்டுவார்கள். காதுக்குள் "டிக் டிக்" என்ற ஒலி போகும், மூளைக்குப் போகும் நரம்பின் பதிலைக் கணினி கோடாக வரையும். தோலில் எண்ணெய் இருந்தால் ஒட்டி நிற்காது. ஆகவே முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். பவுடர் வேண்டாம். நெற்றியில் கறுப்புப் பொட்டு வேண்டாம், திருஷ்டிக்கு வேண்டுமானால் அன்றைக்குக் காலில் வையுங்கள். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாய், பிள்ளையின் நெற்றிப் பொட்டை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே தூங்கிய பிள்ளையை எழுப்பிவிட்டார். அவருக்கு வேறு திகதி கொடுத்தார்கள்.

சில மாதக் குழந்தை என்றால் மருந்தில்லாமலே செய்யலாம். காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், பஸ்ஸிலும் த்ரீவீலிலும் தூங்கவிடாதீர்கள். கூட ஒரு ஆள் வந்தால் விளையாட்டுக் காட்டிக்கொண்டு வரலாம். பாலை உள்ளே போன பிறகு கொடுங்கள், குடித்தபடியே தூங்கும். பெரிய பிள்ளைக்குத் தூக்க மருந்து கொடுப்பார்கள். அதற்கு எத்தனை மணிநேரம் சாப்பாடு, பால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் என்றால் போகும் முன் அழைத்துச் சொல்லுங்கள், மருந்து கொடுக்க மாட்டார்கள். காதுக்குள் எண்ணெய் விடுவதை எந்த நாளும் செய்யாதீர்கள்.

5. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது

"பிள்ளைக்குக் காது கேட்காது" என்ற ஒரு வரியோடு எழும்பி வராதீர்கள். அழுகை வரும், தலை சுற்றும். அப்படியானால் இன்னொரு திகதி கேட்டு, கேள்விகளை எழுதிக்கொண்டு திரும்பப் போங்கள். கேட்க வேண்டியவை: இரண்டு காதிலுமா, ஒன்றிலா? ஒவ்வொரு காதிலும் எத்தனை டெசிபல்? தாழ்ந்த ஒலியில் எப்படி, உயர்ந்த ஒலியில் எப்படி? குறை நடுக்காதிலா, உள்காதிலா, நரம்பிலா? மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ மாறக்கூடியதா? அடுத்து யாரை, எந்தத் திகதியில் பார்க்க வேண்டும்?

டெசிபலை வீதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 60 டெசிபல் என்றால் 60 வீதம் கேட்காது என்று அர்த்தமில்லை. அந்த அளவுக்குச் சத்தம் ஏறினால்தான் பிள்ளைக்குக் கேட்கத் தொடங்குகிறது என்று அர்த்தம். நாம் சாதாரணமாகப் பேசுவதே ஏறத்தாழ 60 டெசிபல்தான். அப்படியானால் கருவி இல்லாமல் நம் பேச்சு அந்தப் பிள்ளைக்கு விளிம்பில்தான் இருக்கிறது.

நடுக்காதில் நீர் கட்டிய குறை என்றால் சிகிச்சையால் சரியாகலாம். உள்காதுக் குறை பெரும்பாலும் நிரந்தரம். எண்ணெய், கஷாயம், காந்தக் கல் என்று யாராவது வந்தால் காசைக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் கண்ணையும் ஒருமுறை காட்டுங்கள், இந்தப் பிள்ளைகளுக்குக் கண் பார்வை இரட்டிப்பு முக்கியம். குறை மிக அதிகம் என்றால் இதயத்தின் ஈ.சி.ஜி. ஒன்றும் எடுக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பிறவிக் காது கேளாமையோடு இதயத் துடிப்பில் ஆபத்தும் சேர்ந்து வருகிற ஓர் அரிய நோய் உண்டு, அதை ஈ.சி.ஜி. காட்டும்.

6. தமிழில் விளக்கம் கேளுங்கள்

எங்களுக்கு முக்கியமான விளக்கம் முழுவதும் நடந்தது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்துதான். கடையில் சாமான் வாங்கப் போதுமான சிங்களம் வேறு, பிள்ளையின் நரம்பைப் பற்றி விளங்கப் போதுமான சிங்களம் வேறு. தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழி, அரசாங்க ஆஸ்பத்திரியில் தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. தயங்காதீர்கள். ஆனால் சண்டையாக்கவும் வேண்டாம். உள்ளே போகும்போதே "தமிழ் தெரிந்த நேர்ஸ் அல்லது டொக்டர் ஒருவர் கொஞ்சம் வர முடியுமா?" என்று கேளுங்கள். அநேகமாக யாரோ ஒருவர் வார்டிலிருந்தாவது வருவார். இல்லையென்றால், மொழி நன்றாகத் தெரிந்த உறவினரைக் கூட்டிப்போங்கள். சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வைத்தியரிடம் அனுமதி கேட்டு ஃபோனில் ஒலிப்பதிவு செய்யுங்கள், வீட்டில் ஆறுதலாகக் கேட்கலாம். மருத்துவச் சொற்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், சிங்களமோ ஆங்கிலமோ, அப்போதுதான் பயிற்சி பிடிக்கும்" என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். உங்களுக்கு நன்றாக வராத மொழியில் நீங்கள் பேசினால் பிள்ளைக்குக் கிடைப்பது அரைகுறைப் பேச்சு. தாலாட்டும் கொஞ்சலும் கோபமும் எந்த மொழியில் தானாக வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள். காது கேளாத பிள்ளைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள். தமிழ் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் கிடைக்கும் நாள் எது என்று கிளினிக்கில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், பயிற்சியை உங்கள் முன்னால் செய்துகாட்டச் சொல்லி, அதைத் தமிழில் நீங்கள் வீட்டில் செய்யுங்கள்.

7. கருவி

குழந்தைக்குப் பொருத்தமானது காதுக்குப் பின்னால் மாட்டும் வகை. காதுக்குள் மறையும் சின்னக் கருவிகள் குழந்தைக்குச் சரிவராது, காது வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒன்லைனில் சில ஆயிரம் ரூபாவுக்கு விற்கும் சத்தம் கூட்டும் சாதனங்களைப் பிள்ளைக்கு மாட்டாதீர்கள். பிள்ளையின் ரிப்போர்ட்டுக்கு ஏற்ப அவற்றைச் சரிசெய்ய முடியாது, மிஞ்சியிருக்கும் கேட்டலையும் அவை கெடுத்துவிடலாம். இரண்டு காதிலும் குறை என்றால் இரண்டு கருவி. "முதலில் ஒன்று போட்டுப் பார்ப்போம்" என்பது காசு இல்லாததால் என்றால் விளங்கிக்கொள்ளலாம், அதுதான் நல்லது என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

கருவிக்காகக் காதின் அச்செடுக்கும் நாளில் பயப்படாதீர்கள். நூல் கட்டிய சிறு பஞ்சு ஒன்றைக் காதுக்குள் வைப்பார்கள், அதன் மேல் ஊசியில்லாத சிரிஞ்சால் குழைந்த பசையை நிரப்புவார்கள், சில நிமிடத்தில் இறுகியதும் முழுதாக வெளியே வரும். வலிக்காது, பிடித்து வைத்திருப்பதற்குத்தான் பிள்ளை அழும். அந்த அச்சில் செய்வதுதான் இயர் மோல்ட். முதல் வருடத்தில் காது வேகமாக வளர்வதால் அடிக்கடி புதிதாகச் செய்ய வேண்டிவரும். கருவி "கீ" என்று கூவத் தொடங்கினால் பெரும்பாலும் மோல்ட் சிறிதாகிவிட்டது. கூவுகிறதே என்று சத்தத்தைக் குறைத்து வைப்பதுதான் எல்லோரும் செய்வது. மோல்டை மாற்றுங்கள்.

வாங்கும் முன் கேளுங்கள்: மாட்டிப் பார்க்கத் தருவார்களா? மெஷினில் அளந்து பிள்ளையின் ரிப்போர்ட்டுக்கு ஏற்பச் சரிசெய்வார்களா? வாரண்டி எத்தனை வருடம்? கொழும்பிலேயே திருத்துவார்களா, திருத்தும்வரை மாற்றுக் கருவி தருவார்களா? மோல்டுக்குத் தனிக் காசா? பில்லில் கருவியின் தொடர் இலக்கம் இருக்கட்டும். உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும்போது அது வேண்டியிருக்கும்.

பற்றரி விசயத்தில் மிகக் கவனம். பட்டன் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாய் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே வெந்துபோகலாம். பற்றரிக் கதவைப் பிள்ளை திறக்க முடியாத பூட்டு வகையாகவே கேட்டு வாங்குங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொழும்பு வெக்கைக்கும் வியர்வைக்கும் கருவி சீக்கிரம் கெடும். இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான போத்தலில் வையுங்கள். சட்டையில் பொருத்தும் கிளிப் ஒன்றும் வாங்குங்கள், பஸ்ஸில் கழன்று விழுந்தால் தேடிப் பிடிக்க முடியாது.

தினமும் காலையில் கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிள்ளை பதில் காட்டும் வயது வந்ததும், வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லுங்கள். பேச்சின் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை இந்த ஆறில் அடங்கும். நேற்று "ஸ்" கேட்ட பிள்ளை இன்று கேட்கவில்லை என்றால், பற்றரியோ மோல்டோ காதில் சளியோ, ஏதோ ஒன்று இருக்கிறது.

8. காசு

அரசாங்கக் கிளினிக், டெஸ்ட் இலவசம். போக்குவரத்து, லீவு, வெளியில் எடுக்கும் டெஸ்ட், கருவி, மோல்ட், பற்றரி இவைதான் செலவு. கருவி ஒன்று பல பத்தாயிரம் ரூபாவில் தொடங்கி இலட்சங்களுக்குப் போகும். மிக விலை கூடியதுதான் குழந்தைக்கு நல்லது என்றில்லை. குழந்தையின் காதுக்கு ஏற்பச் சரியாக அளந்து பொருத்திய நடுத்தரக் கருவி, அளக்காமல் மாட்டிய விலை கூடிய கருவியைவிட நல்லது.

உதவிக்கு முதலில் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியச் செயலகம் மூலம் காது கேட்கும் கருவிகளுக்கு உதவி உண்டு, விண்ணப்பம் அவர் வழியாகத்தான் போகும். கிராம சேவகரின் வதிவிட, வருமானக் கடிதம், வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சிபாரிசு, டெஸ்ட் தாள், விலைமனு, வங்கிப் புத்தகக் கொப்பி வேண்டியிருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க: வாக்காளர் பதிவு ஊரில் இருந்தால் கொழும்புக் கிராம சேவகர் கடிதம் தரத் தயங்குவார். பதிவு எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து, இரண்டில் எந்தப் பிரதேச செயலகம் என்பதை முடிவு செய்யுங்கள். நடுவில் மாறினால் எல்லாம் திரும்பத் தொடங்கும்.

சத்திரசிகிச்சை என்ற பெரிய செலவு வந்தால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம், கோட்டைக்கு அலைய வேண்டியதில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்பே விண்ணப்பியுங்கள். அரச ஊழியர் என்றால் அக்ரஹார காப்புறுதியில் என்ன கிடைக்கும் என்று நிர்வாகப் பிரிவில் கேளுங்கள்.

9. கொக்லியர் இம்ப்ளான்ட் பற்றிப் பேச்சு வந்தால்

சத்திரசிகிச்சை செய்து உள்காதுக்குள் பொருத்தும் கருவிதான் இது. குறை மிகக் கடுமையாக இருந்து, சாதாரணக் கருவி மாட்டியும் பேச்சு விழவில்லை என்றால்தான் இந்தப் பேச்சு வரும். ஒரு வயதளவில் செய்த பிள்ளைகளுக்கும் ஐந்து வயதில் செய்த பிள்ளைகளுக்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் தெரியும், ஆகவே யோசித்துக்கொண்டே வருடங்களை விடாதீர்கள். மூளைக்காய்ச்சலால் காது போயிருந்தால் இன்னும் அவசரம், உள்காது எலும்பாக இறுகத் தொடங்கிவிடும். சத்திரசிகிச்சைக்கு முன் சி.டி., எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். நியூமோகொக்கல் தடுப்பூசி போட வேண்டும். அதை எங்கே, எவ்வளவுக்குப் போடுவது என்று முன்பே கேளுங்கள்.

விலை பல இலட்சம். ஆனால் சத்திரசிகிச்சையோடு செலவு முடிவதில்லை என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள், பிறகு பல தடவை சரிசெய்ய வேண்டும், வயர் உடையும், வெளிப்பகுதி சில வருடத்தில் பழுதாகும். அந்த உதிரிப்பாகங்களின் விலைப்பட்டியலை எழுத்தில் வாங்கிய பிறகே நிறுவனத்தைத் தெரிவு செய்யுங்கள்.

சைகை மொழியை எதிரியாகப் பார்க்காதீர்கள். கருவி வரும்வரையும், வந்த பிறகும், கையால் சொல்லக் கற்ற பிள்ளைக்குப் பசி, வலி, பயம் எல்லாவற்றையும் சொல்ல வழி கிடைக்கிறது. சைகையால் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்துப் பிள்ளையை மொழியே இல்லாமல் இரண்டு மூன்று வருடம் வைத்திருப்பதுதான் ஆபத்து.

10. வீட்டில் பயிற்சி, பிறகு பாலர் பாடசாலை

ஸ்பீச் தெரபிஸ்ட் மாதத்தில் சில தடவை பார்ப்பார். மிச்ச நேரம் முழுதும் வீடுதான். கிட்ட இருந்து பேசுங்கள். தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும், குசினியிலிருந்து கத்துவதில் பலனில்லை. பேசும்போது டீவியை நிறுத்துங்கள், ஃபேன் சத்தம் போட்டால் திருத்துங்கள், வீதிப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள். குளிக்க வார்க்கும்போது, சோறு பிசையும்போது, செருப்புப் போடும்போது செய்வதையெல்லாம் வாயால் சொல்லுங்கள். தாத்தா பாட்டிக்கும் கருவியை மாட்டக் கற்றுக்கொடுங்கள். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்குப் பகல் முழுதும் கருவி மாட்டுவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

தொழில்முறை ஆட்களை ஒருவரோடு ஒருவர் பேச வையுங்கள். ஓடியோலஜிஸ்டிடம் "ஸ்பீச் தெரபிஸ்டுக்கு இரண்டு வரி எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள், தெரபிஸ்டிடமும் அதையே கேளுங்கள். மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது கிளினிக் கொப்பியில் காதுக் குறையையும் கருவி போட்ட திகதியையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் மறுப்பதில்லை, இது நடக்காமல் போவதற்கு யாரும் கேட்காததுதான் காரணம்.

பாலர் பாடசாலை தேடும்போது பிள்ளைகள் குறைந்த, எதிரொலிக்காத அறை உள்ள இடமாகப் பாருங்கள். தகரக் கூரை மண்டபத்தில் நாற்பது பிள்ளைகள் என்றால் கருவி இருந்தும் ஒன்றும் விளங்காது. டீச்சருக்கு ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: எந்தக் காது நல்லது, எங்கே உட்கார வைப்பது, முகம் பார்த்துப் பேசுவது, கருவி கூவினால் என்ன செய்வது, பற்றரி எப்படி மாற்றுவது. கூடவே ஒரு பற்றரிப் பக்கெட்டும் கொடுத்து வையுங்கள், பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லி.

முதலாம் வகுப்புக்கு, பிள்ளைக்கு நாலு வயது நடக்கும்போதே வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். சாதாரண வகுப்பா, விசேட கல்வி அலகு உள்ள பாடசாலையா, காது கேளாதோர் பாடசாலையா என்பதைப் பிள்ளையின் பேச்சைப் பார்த்துத் தெரபிஸ்டோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். இரத்மலானையில், 1912இல் தொடங்கப்பட்ட காது கேளாதோர் பாடசாலை இருக்கிறது. தமிழ்மொழிமூலம் என்றால் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை இருக்கிறது, ஆனால் விடுதியில் விட வேண்டிவரும். எந்தப் பாடசாலையானாலும் அனுமதிக்கு முன் ஒருநாள் வகுப்பறைக்குள் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள், தமிழ்மொழியில் படிப்பிக்க ஆசிரியர் இப்போது இருக்கிறாரா என்று அதிபரிடம் நேரடியாகக் கேளுங்கள். போகும்போது ஃபைலையும் எடுத்துப்போங்கள், ஆறு மாதத்துக்குள் எடுத்த காது ரிப்போர்ட் ஒன்று அதில் இருக்க வேண்டும்.